பொய்முடி வேலை

"இருபத்திரண்டு" என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். கதவோரத்து லேத்தில் நிற்பவன் மேஸ்திரியின் பழுப்புக் கோட்டைக் கண்டதும், யாருக்கோ கணக்கு ஒப்பிப்பதுபோல "இருபத்திரண்டு" என்பான். அது லேத் லேத்தாகத் தாவிப் போகும். மேஸ்திரி வந்து சேர்வதற்குள் பட்டறை முழுக்கப் பம்ப் பாகங்கள் மட்டுமே சுற்றிக்கொண்டிருக்கும். ரோவான் ஊரில் மட்டுமல்ல, பிரான்சில் அநேகப் பட்டறைகளில் இதுதான் வழக்கம். ஆனால் அந்தத் திங்கட்கிழமை காலை ஒக்தாவ் தலையை நிமிர்த்தியபோது, பழுப்புக் கோட்டு அவருக்கு ஒரு முழ தூரத்தில் நின்றது.

அவருடைய லேத்தில் அப்போது இருந்தது பம்ப் பாகம் அல்ல. கவிழ்த்த கிண்ணம் போல ஒரு சின்னப் பித்தளை மூடி. மிளகு அரைக்கும் கை மில்லின் தலையில் உட்கார வேண்டியது. மில்லின் உடம்பும், கைப்பிடியும், மிளகை நொறுக்கும் எஃகுப் பல்லும் வீட்டு அலமாரியில் ஒரு பழைய காலுறைக்குள் பத்திரமாக இருந்தன. வரும் சனிக்கிழமை, செப்டம்பர் இருபத்திரண்டு, மகள் ஓதிலுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையின் அப்பா ரயில்வே பட்டறைக்காரர். அவர் தன் கையால் ஒரு செம்புக் காப்பிப் பாத்திரம் செய்து முடித்து, அதைக் காட்டுவதற்கென்றே ஒரு ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டுக்கு வந்து, இரண்டு முறை தட்டி ஒலி எழுப்பிக் காட்டிவிட்டுப் போயிருந்தார். அதற்குப் பதில் சொல்ல ஒக்தாவுக்கு இருந்தது இந்த மில் ஒன்றுதான்.

ஆலையின் நேரத்தில், ஆலையின் இயந்திரத்தில், ஆலையின் பித்தளையில் தனக்கென்று செய்துகொள்ளும் வேலைக்கு அந்த நாட்டுத் தொழிலாளிகள் வைத்திருக்கும் பெயர் 'பெரூக்'. அதாவது பொய்முடி. பழைய காலத்துச் சீமான்கள் தலையில் மாட்டிக்கொண்டார்களே, அதேதான். அது எப்படி இந்த வேலைக்குப் பெயராயிற்று என்று கேட்டால் பத்துப் பேர் பத்துக் கதை சொல்வார்கள். அந்த ஒரு வார்த்தையின் மேல் அந்த மக்களுக்கு அப்படி ஓர் ஆசை. தூண்டில் நூல் சிக்கலாகிப் போனால் அது பொய்முடி. புதிதாக எதைச் சொன்னாலும் முகத்தைச் சுளிக்கிற கிழவர் பழைய பொய்முடி. ஆலை வாசலில் கோடையில் இளஞ்சிவப்பாகப் பஞ்சு விட்டு நிற்கும் மரம்கூடப் பொய்முடி மரம்.

இந்தப் பட்டறையில் மட்டும் அந்த வார்த்தைக்குத் தடை. காரணம், மேஸ்திரி தெசேனின் தலை. அறுபது வயதை நெருங்கும் அந்தத் தலையில் காது முதல் காது வரை ஒரே பழுப்பு நிறத்தில், ஒரு நரை இல்லாமல், காற்றடித்தாலும் அசையாமல் முடி இருந்தது. எட்டு மாதத்துக்கு முன், வேலை பார்த்த பழைய ஆலை மூடப்பட்டு ஒக்தாவ் இங்கே வந்து சேர்ந்த முதல் நாளே, கதவோர லேத்துக்காரன் சிப்ரியன் எச்சரித்திருந்தான்.

"அந்த வார்த்தைய மட்டும் இங்க வாயில எடுக்காதீங்கண்ணே. போன வருஷம் ஒருத்தன் வாசல்ல இருக்கிற மரத்தப் பாத்துச் சொன்னான். மேஸ்திரி காதுல விழுந்துடுச்சு. அவன இப்ப வார்ப்பு உலைக்கிட்டப் போட்டு வறுக்கிறாங்க."

"அப்ப அந்த வேலையப் பத்திப் பேசணும்னா என்னன்னு சொல்றது?"

"அதுக்கு ஒரு வழி இருக்கு. இருக்க இருக்கத் தெரியும்."

எட்டு மாதம் இருந்தும் தெரியவில்லை. ஒக்தாவும் மேற்கொண்டு கேட்கவில்லை. அப்புறம் மூன்று வாரத்துக்கு முன் இஞ்சினியர் பிராங்கூர் ஓர் அறிவிப்பு ஒட்டினார். சொந்த வேலை செய்து பிடிபட்டால் அன்றைக்கே சீட்டுக் கிழியும் என்பது அதன் சாரம். பாரீஸ் தலைமை அலுவலகம் தொழிலாளி வேஷத்தில் ஓர் ஆளை அனுப்பியிருப்பதாகவும், அவன் ஏற்கெனவே உள்ளே வந்து நடமாடுவதாகவும் உணவுக்கூடத்தில் பேசிக்கொண்டார்கள். ஒக்தாவுக்கும் பயம்தான். ஆனால் பயத்தைப் பார்த்தால் சம்பந்தியின் காப்பிப் பாத்திரம் மணி அடிக்கிறது.

"என்னய்யா இது?" என்றார் மேஸ்திரி.

"மூடிங்க."

"அது தெரியுது. எந்த ஆர்டருக்கு?"

ஒக்தாவின் கண் அலைந்தது. பக்கத்துத் தூணடியில் பித்தளைக் கம்பிகள் போட்ட ஒரு மரப்பெட்டி இருந்தது. அவர் வந்த நாளிலிருந்து அங்கேதான் இருக்கிறது. அதன் மேல் வெள்ளைப் பெயிண்டில் ஓர் எண்.

"நானூத்திப் பதினேழுங்க," என்றார்.

மேஸ்திரியின் வலது கை மெல்ல எழுந்து தலைமுடியை ஒரு தடவை அழுத்திவிட்டு இறங்கியது. கவலை வந்தால் அவர் அப்படித்தான் செய்வார் என்று பட்டறைக்கே தெரியும். பிறகு லேத்தை நிறுத்தி, மூடியைக் கழற்றி, உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். உள்ளே ஒக்தாவ் போன வெள்ளிக்கிழமை மாலைதான் ஊசியால் பொறித்திருந்தார்: ஓதில், 22.

"செக்கிங்குக்கு எடுத்துட்டுப் போறேன்," என்று சொல்லி மேஸ்திரி மூடியைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, வந்ததைவிட வேகமாகப் போனார்.

ஒக்தாவ் கதவோரம் பார்த்தார். சிப்ரியன் குனிந்து ஏதோ வேலையில் மூழ்கியிருந்தான். அவன் காதுமடல் சிவந்திருந்தது. 'இவன்தான் போட்டுக் கொடுத்தவன்' என்று ஒக்தாவுக்கு அந்த நொடியிலேயே உறுதியாகிவிட்டது.

இனி ஒன்றே வழி. 417-க்கு ஒரு ஜாப் கார்டு கையில் இருந்தால் மூடி ஆலையின் வேலையாகிவிடும். மதியம் அவர் ஆர்டர் அலுவலகத்துக்குப் போனார். அங்கே மதாம் அர்துவேன் முப்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். ஒரு கார்டு கேட்டால் இரண்டு நாள் கழித்து வா என்பாள். இரண்டு நாள் கழித்துப் போனால் ஏன் நேற்று வரவில்லை என்பாள்.

"417-க்கு ஒரு கார்டு வேணும் மதாம்."

பின்னிக்கொண்டிருந்த கம்பளி நூலைக் கீழே வைத்தாள். மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.

"யார் கேக்கச் சொன்னது?"

மேஸ்திரி பேரைச் சொன்னால் அவரிடமே கேட்டுவிடுவாள். ஒக்தாவ் யோசித்து, கேட்க முடியாத இடமாகப் பார்த்துச் சொன்னார்.

"மேலேர்ந்து."

"எவ்வளவு மேலேர்ந்து?"

"ரொம்ப."

மதாம் அர்துவேன் எழுந்து கதவைச் சாத்தினாள். அலமாரியைத் திறந்தாள். கார்டை எழுதி, மூன்று முத்திரை குத்தி, ஊதிக் காயவைத்து நீட்ட அவளுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஒக்தாவ் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார். நடைவழியின் கோடியில் திரும்பிப் பார்த்தபோது, அவள் இஞ்சினியர் அறையை நோக்கி ஏறக்குறைய ஓடிக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை செக்கிங் ஆள் தானாகவே பட்டறைக்கு வந்தான். ஐந்து வருடமாக நாற்காலியை விட்டு எழாதவன் என்று அவனைப் பற்றிச் சொல்வார்கள்.

"உங்க மூடி பிரமாதம் முசியே ஒக்தாவ். அளவு முடியளவுகூடப் பிசகல." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டு மேஸ்திரி பக்கம் பார்த்தான். "ஒண்ணே ஒண்ணு. டிராயிங் எங்க இருக்கு?"

இல்லாத டிராயிங்கை எங்கிருந்து கொடுப்பது? "டிராயிங் ரூம்ல இருக்கணுமே," என்றார் ஒக்தாவ். "அங்க இல்லாட்டி அவங்கதான் தொலைச்சிருக்கணும்."

இதைச் சொல்லிவிட்டால் டிராயிங் அறைக்காரர்களும் செக்கிங்காரர்களும் ஒருவரை ஒருவர் குறை சொல்லி ஒரு வாரம் சண்டை போடுவார்கள், அதற்குள் கல்யாணம் முடிந்துவிடும் என்பது அவர் போட்ட திட்டம். பழைய ஆலையாக இருந்தால் அப்படித்தான் நடந்திருக்கும்.

மாலை நாலு மணிக்கு டிராயிங் வந்துவிட்டது. நீலத்தாள். தேதி 1961. மூலை மடங்கியிருந்தது. நடுவில் பழமைக்குச் சாட்சியாக ஒரு காப்பிக் கோப்பையின் வட்டம். ஒக்தாவ் அதைக் கையில் வாங்கியதும் கட்டை விரலில் மை ஒட்டிக்கொண்டது. வட்டத்தை முகர்ந்தால் காப்பி வாசனை இன்னும் சூடாக வந்தது. கீழே அழகான எழுத்தில் ஒரு குறிப்பு: 'உட்புறம் ஓதில் 22 என்று பொறிக்கவும்.'

அன்று இரவு உணவின்போது அவர் மனைவி மர்செலினிடம் சொன்னார்.

"எனக்கு எதிரா கேஸ் கட்டுறாங்க. சாட்சி ஒண்ணொண்ணா சேக்கிறாங்க."

"யாரு?"

"எல்லாரும்."

மர்செலின் சூப்பை ஊற்றினாள். "மூடி எப்ப வரும்?"

"நான் ஜெயிலுக்குப் போகப் போறேங்கிறேன், நீ மூடி எங்கேங்கிற."

"ஜெயிலுக்குத் திங்கக்கிழமை போ. சனிக்கிழமை அந்த மில்ல மொட்டைத் தலையோட சபையில வெக்க முடியாது. பத்துப் பேர்கிட்டச் சொல்லிட்டேன். அந்தக் காப்பிப் பாத்திரத்துக்காரர் பொண்டாட்டிகிட்டயும் சொல்லிட்டேன். அவ என்ன சொன்னா தெரியுமா? 'செய்யட்டும், கடையிலயும் நல்லதாக் கெடைக்குது'ன்னா."

ஒக்தாவ் சூப்புக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

புதன்கிழமை இஞ்சினியர் பிராங்கூர் கூப்பிட்டனுப்பினார். முப்பத்தைந்து வயது, வெள்ளைக் கோட்டு, மெலிந்த விரல்கள். அவர் மேஜைக்குப் பின்னால் சுவரில் வழக்கமாக ஒரு படம் மாட்டியிருக்கும்: லுவார் ஆற்றில் அவருடைய பாய்மரப் படகு, கைப்பிடிக் கம்பியெல்லாம் பித்தளையில் தகதகவென்று. இன்றைக்கு அங்கே ஆணி மட்டும் இருந்தது.

"உக்காருங்க," என்றார் இஞ்சினியர். தொழிலாளியை அந்த அறையில் உட்காரச் சொன்னதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. ஒக்தாவ் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"அந்த 'ஓதில்'ங்கிறது..."

ஒக்தாவ் முந்திக்கொண்டார். "குறியீடுங்க."

"குறியீடு. சரி. இருபத்திரண்டு?"

"அதுவும் குறியீடுதான்."

"அதோட அர்த்தம் எங்களுக்கெல்லாம் புரியுது," என்றார் இஞ்சினியர். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "எத்தன மூடி வேணும்னு நெனைக்கிறீங்க? நியாயமா இருக்கணும். பாக்கிறவங்க நம்பணும்."

ஒரே ஒரு மூடி என்றால் சொந்த வேலை என்று வெட்டவெளிச்சமாகிவிடும். நூறு என்றால் அதிகம்.

"அறுபதுங்க," என்றார்.

"அறுபது," என்று இஞ்சினியர் எழுதிக்கொண்டார். "நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடுவோம். உங்களுக்குத் திருப்திதானே?"

தனக்கு ஏன் திருப்தியாக இருக்க வேண்டும் என்று ஒக்தாவுக்குப் புரியவில்லை. பரிகாசம் செய்கிறார் என்றே எடுத்துக்கொண்டார்.

அன்று பகலிலிருந்து நாலு லேத் மூடி கடைந்தன. பட்டறையில் மலைபோலப் பம்ப் வேலை கிடக்க, நாலு பெரிய ஆட்கள் வரிசையாக நின்று பித்தளை மூடிக்குள் தன் மகள் பெயரைப் பொறிப்பதை ஒக்தாவ் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு தகப்பனுக்குப் பெருமையாக இருக்க வேண்டிய காட்சி. அவருக்கு வேர்த்துக் கொட்டியது. ஒன்றை உருவிக்கொள்ளலாம் என்றால் அதுவும் முடியாது. ஒவ்வொன்றிலும் வரிசை எண் அடித்து, எண்ணி, பூட்டி வைத்தார்கள். அவர் செய்த அசல் மூடியோ இஞ்சினியர் அறைக் கண்ணாடி அலமாரியில் வெல்வெட் துணிமேல் 'மாதிரி' என்ற சீட்டோடு உட்கார்ந்திருந்தது. தூணடியிலிருந்த பித்தளைப் பெட்டியையும் காணோம். புதிதாக ஒன்று கடையலாம் என்றால் மேஸ்திரி நகராமல் முதுகுக்குப் பின்னால் நின்றார். அடிக்கடி தலைமுடியை அழுத்திக்கொண்டார்.

மத்தியானம் உணவுக்கூடத்தில் ஒக்தாவ் பருப்பும் சாஸேஜும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்ததும், அந்த நீளப் பெஞ்சு ஒவ்வொருவராகக் காலியாயிற்று. எதிரே எழுந்திருக்க நேரமில்லாமல் மாட்டிக்கொண்டவன் சிப்ரியன் ஒருவன்தான். ஒக்தாவ் பொறுமை இழந்தார். மேஜையில் குனிந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்.

"இங்க என்ன நடக்குதுன்னு எனக்கு எல்லாம் தெரியும் சிப்ரியன்."

சிப்ரியனின் கையிலிருந்த முள்கரண்டி தட்டில் விழுந்தது.

"எ... எல்லாமா?"

"நீ செஞ்சதும் தெரியும்."

"எனக்கு மூணு புள்ளைங்கண்ணே," என்றான் சிப்ரியன். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "கட்டில் உடைஞ்சு போச்சுன்னுதான்..."

"கட்டிலா? கட்டிலுக்காகவா செஞ்ச?" ஒரு கட்டிலுக்குக் கூலி வாங்கிக்கொண்டு ஒருவன் கூட்டாளியைக் காட்டிக்கொடுப்பானா என்று ஒக்தாவுக்கு மனசு வெறுத்துப்போயிற்று. பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார்.

அன்று வேலை விட்டதும் ஆட்கள் வழக்கத்தைவிடப் பருமனாக வெளியேறுவதைக் கண்டார். செப்டம்பர் வெயிலில் எல்லோரும் மேல்கோட்டு போட்டிருந்தார்கள். ஒருவன் நடக்கும்போது அவன் உடம்பிலிருந்து கணகணவென்று சத்தம் வந்தது. வாசலில் காவலர் ஃபிர்மேன் யாரையும் சோதிக்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய குடிசைக்குப் பின்னால் இருக்கும் முயல் கூண்டைக் கோணிப்பை போட்டு மூடியிருந்தது. ஊரிலேயே அழகான கூண்டு அது. பித்தளைக் கீல் வைத்த கதவு.

வியாழக்கிழமை வேலை முடிந்ததும் மனசை ஆற்றிக்கொள்ள ஒக்தாவ் தூண்டிலை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனார். வெயில் இன்னும் இறங்கவில்லை. மூன்றாம் வீச்சில் நூல் எதிலோ சிக்கிக் கொத்தாகச் சுருண்டுகொண்டது. எட்டு மாதமாக அடக்கி வைத்திருந்த வார்த்தை வாயிலிருந்து வந்தேவிட்டது. "பொய்முடி. நாசமாப் போன பொய்முடி." சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார். மேஸ்திரி இல்லை.

அரைமணி நேரம் சிக்கெடுத்து இழுத்தால், மேலே வந்தது கட்டில் காலுக்கு மேல் மாட்டும் பித்தளைக் குமிழ். புத்தம் புதுசு. தண்ணீருக்குள் காலை விட்டுத் துழாவினார். ஒரு மெழுகுவத்தித் தாங்கி கிடைத்தது, ஒரு வாத்துத் தலை வைத்த கைத்தடிப் பிடி, ஒரு குழாய். எல்லாம் தங்கள் பட்டறைப் பித்தளை. தொட்டால் தெரிந்துவிடும் அவருக்கு.

கரையில் உட்கார்ந்து யோசித்தார். ஆக, பட்டறை முழுக்க எச்சரிக்கை போயிருக்கிறது. ஒவ்வொருவனும் தன் பொய்முடி வேலையைக் கொண்டுவந்து ஆற்றில் போட்டுக் கை கழுவிவிட்டான். எச்சரிக்கை வராத ஒரே ஆள் தான்தான். திங்கட்கிழமை 'இருபத்திரண்டு' ஏன் வரவில்லை என்பதும் இப்போது புரிந்துவிட்டது. பாரீஸ் ஆளுக்குப் பலி கொடுக்க ஓர் ஆடு வேண்டும். எட்டு மாதத்துக்கு முன் வந்தவனைவிட நல்ல ஆடு எங்கே கிடைக்கும்? அந்தக் குமிழை ஆற்றிலேயே திரும்ப வீசினார். அழுகை வருவதுபோல இருந்தது. அழவில்லை. கோபம் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை கோபத்தோடு ஒரு முடிவும் சேர்ந்து வந்தது. பிடித்து வெளியே தள்ளப்படுவதற்கு முன் தானே போய்ச் சொல்லிவிட வேண்டியது. சீட்டுக் கிழிந்தால் கிழியட்டும். மூடியை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். மகள் கல்யாணம் என்றால் கல்லும் கரையாதா?

இஞ்சினியர் அறைக் கதவைத் தட்டித் திறந்தார். உள்ளே கூட்டமாக இருந்தது. இஞ்சினியர், மேஸ்திரி, மதாம் அர்துவேன், செக்கிங் ஆள், டிராயிங் அறைத் தலைவர். பேச்சு பட்டென்று நின்றது. மேஜைமேல் அறுபது மூடிகளும் பாதிரியார் முன் நிற்கும் பிள்ளைகளைப்போல வரிசையாக இருந்தன.

"நான் 417-ஐப் பத்திப் பேச வந்திருக்கேன்," என்றார் ஒக்தாவ். "இனிமே என்னால மறைக்க முடியாது. எல்லாத்தையும் சொல்லிடப் போறேன்."

மேஸ்திரியின் இரண்டு கைகளும் தலைக்குப் போயின.

"யாருகிட்ட?" என்றார் இஞ்சினியர்.

"உங்ககிட்டதான். வேற யாருகிட்ட?"

"மொதல்ல எங்ககிட்டயா? ரொம்பப் பெரிய மனசு." இஞ்சினியர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்க. காப்பி குடிக்கிறீங்களா? மதாம், காப்பி."

"காப்பி வேணாங்க. விஷயம் என்னன்னா, அந்த மூடி..."

"விஷயம் எங்களுக்குத் தெரியும்," என்று மேஸ்திரி குறுக்கிட்டார். "எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயத்த ஏன் வாய்விட்டுச் சொல்லணும்? நாமல்லாம் மனுஷங்கதானே. நீங்களும் லேத்துல நின்னவருதான். கையப் பாத்தாலே தெரியுதே."

"ஆமா," என்றார் ஒக்தாவ். இவர்கள் ஏன் இவ்வளவு இனிக்கப் பேசுகிறார்கள் என்ற சந்தேகம் கூடிக்கொண்டே போயிற்று.

"நேராக் கேக்கிறேன்," என்றார் இஞ்சினியர். "உங்களுக்கு என்ன வேணும்?"

"அந்த மூடி வேணும்." கண்ணாடி அலமாரியைக் காட்டினார். "மொதல்ல செஞ்சது."

ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அது மட்டுமா?"

"அது மட்டும் போதும். வேற எதுவும் கேக்க மாட்டேன். வேற யாருகிட்டயும் எதுவும் பேச மாட்டேன்."

"எழுத்துல?"

"எழுத்துல எதுக்குங்க? என் வாய்ச்சொல் போதாதா?"

மதாம் அர்துவேன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து கைக்குட்டையால் விசிறிக்கொண்டாள். இஞ்சினியர் தானே போய் அலமாரியைத் திறந்து, மூடியை வெல்வெட் துணியோடு சுற்றி, இரண்டு கையாலும் நீட்டினார். மேஸ்திரி கதவு வரைக்கும் வந்து வழியனுப்பினார். "வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?" என்றுகூடக் கேட்டார்.

"நாளைக்குப் பொண்ணு கல்யாணங்க."

"அப்படியா? ரொம்பச் சந்தோஷம். திங்கக்கிழமையும் லீவு எடுத்துக்கோங்க. செவ்வாயும்கூட."

நடைவழியில் ஒக்தாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. சந்தோஷத்தால் அல்ல. பொறி எங்கே இருக்கிறது என்று இப்போது தெளிவாகத் தெரிந்துவிட்டது. மூடியைக் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். வாசலில் சோதனை. பையில் ஆலைப் பித்தளை. கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. இதற்கு அறிவிப்பு ஒட்டின இஞ்சினியர் நேரில் வர வேண்டியதுகூட இல்லை. காவலர் ஃபிர்மேன் போதும்.

மாலை சங்கு ஊதும் வரை மூடியை எங்கே மறைப்பது என்று யோசித்தார். சாப்பாட்டுத் தூக்கின் அடியில் வைத்து, மேலே மீந்த ரொட்டியைப் போட்டு, அதற்கு மேல் பாலாடைக்கட்டியைத் திணித்தார். அந்தப் பாலாடைக்கட்டி இருக்கும் இடத்தில் யாரும் மூக்கை நீட்ட மாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை.

வாசலில் பொய்முடி மரம் பஞ்சையெல்லாம் உதிர்த்துவிட்டு இலை சிவக்கத் தொடங்கியிருந்தது. அதன் அடியில் ஃபிர்மேன் நின்றார். முன்னால் போனவர்களையெல்லாம் கையசைத்துப் போகவிட்டார். ஒக்தாவைக் கண்டதும் நிமிர்ந்தார். வழியை மறித்தார்.

"கொஞ்சம் நில்லுங்க."

ஒக்தாவ் நின்றார். மகளின் முகம், சம்பந்தியின் காப்பிப் பாத்திரம், மர்செலினின் அகப்பை எல்லாம் கண்முன் வந்து போயின. பின்னால் வந்த சிப்ரியன் இவரைக் கண்டு பத்தடி தள்ளியே நின்றுவிட்டான்.

"தூக்குச் சட்டிய இப்படிக் குடுங்க."

கொடுத்தார். ஃபிர்மேன் தூக்கைத் திறந்தார். பாலாடைக்கட்டியின் வாடை அடித்ததும் முகத்தைத் திருப்பினாரே தவிர, விரலை விட்டு ரொட்டியை ஒதுக்கிவிட்டார். வெல்வெட் துணி தெரிந்தது. பிரித்தார். பித்தளை மாலை வெயிலில் மின்னியது. உள்பக்கத்தைத் திருப்பி, கண்ணுக்குக் கிட்டே பிடித்து, ஓதில், 22 என்று எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"நான் விளக்கமாச் சொல்லிடறேன்," என்றார் ஒக்தாவ்.

"ஒண்ணும் சொல்ல வேணாம்."

ஃபிர்மேன் மூடியைத் துணியில் திரும்பச் சுற்றினார். தூக்குக்குள் வைத்தார். ரொட்டியை அதன்மேல் பழையபடி அடுக்கினார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒக்தாவின் காதருகே குனிந்தார்.

"பாரீஸுக்கு அறிக்கை எழுதுறப்ப 417-ல என் முயல் கூண்ட மட்டும் சேத்துடாதீங்க ஐயா, இருபது வருஷமா அது எல்லாரும் சொந்த வேலைக்கு எழுதிக்கிற நம்பர்தானே, இஞ்சினியரோட படகே அதுலதான மிதக்குது."